சிற்றூர்க் கணினியும் சமுதாயப் பயனும்

தனி ஒருவர் விலைகொடுத்து வாங்க இயலாத கருவியை ஊர்ப் பொதுவில் வைத்து எல்லாரும் பயன்கொள்ளச் செய்வது வளரும் நாடுகளில் பழைய வழக்கமே. தமிழகத்துச் சிற்றூர்களில் ஊராட்சி மன்றத்து வானொலியைச் சூழ்ந்திருந்து மாலைச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் மறைந்துவிடவில்லை. கணினி வந்தபோதும் அவ்வழியே பின்பற்றப்பட்டது. ஆனால், வானொலியைப் பற்றி அத்துணை அழுத்தமாக எழாத வினா ஒன்று கணினியைப் பற்றி எழுந்தது. பெரும் பொருள் செலவிட்டு வைத்த இக்கருவியால் ஊருக்கு விளைந்த நன்மை யாது? அதனை எவ்வாறு அளப்பது? இவ்வினாக்களுக்குப் புதுவைக் கடற்கரை அளித்த விடை ஆராயத்தக்கது.

சென்னையில் இயங்கும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டுப் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியோடு, 1998-ஆம் ஆண்டு புதுவையில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் நடுவிடமாயிற்று. சுற்றியிருந்த ஊர்களில் அறிவு மையங்கள் அமைந்தன. தொலைபேசிக் கம்பி சரிவர எட்டாத இடங்களுக்குக் கம்பியில்லாக் கருவிகள் வழியே செய்தி சென்றது. மின்சாரம் நின்றபோது சூரிய ஒளி கைகொடுத்தது. அவ்வூர்களுள் ஒன்றான கீழூர் முன்னரே வரலாற்றில் இடம்பெற்றதாகும். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவை இந்தியாவோடு இணைவது குறித்து 1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் மக்கள் சார்பாளர் 178 பேர் கூடி வாக்களித்ததும், அவருள் 170 பேர் இணைப்பை ஆதரித்ததும் அவ்வூரிலேதான்.

மையத்துக்கு இடத்தையும் தொண்டரையும் ஊரே தரவேண்டும். ஒடுக்கப்பட்ட மக்கள் உட்பட யாவரும் தடையின்றி நுழைய வேண்டும். இவையே நிறுவனம் விதித்த நிபந்தனைகள். கருவிகளைக் காட்டிலும் இந்நிபந்தனைகளே திட்டத்தின் உயிர் எனலாம். கதவு சிலருக்கு மட்டும் திறக்குமாயின், உள்ளே எத்தகைய பொறி இருந்தென்ன? எம்பலத்தில் கோவிலைச் சார்ந்த இடத்தில் மையம் அமைந்தது. அதனை நடத்தியவர்கள் ஊர்ப் பெண்களே. அவர்கள் தமிழில் தட்டெழுதித் தகவல்களைத் தொகுத்தனர். அரசின் உதவித் திட்டங்கள், அவற்றைப் பெறும் தகுதி, வறுமைக் கோட்டின்கீழ் வாழும் குடும்பங்களின் பட்டியல் ஆகியன ஊராரின் பார்வைக்கு வந்தன. தம் பெயர் பட்டியலில் உண்டா என்று அறிந்துகொள்ள அலுவலக வாயிலில் காத்துக் கிடந்த ஏழைக்கு இது சிறு செய்தி அன்று. ‘நம்ம ஊரு செய்தி’ என்னும் இதழும் வில்லியனூரிலிருந்து வெளிவந்தது.

மையத்துக்கு வந்தோரைப் பதிவேட்டில் குறிப்பதும், அவ்வெண்ணிக்கையால் பயனை அளப்பதும் எளிய முறை. ஆயின், மீனவர் ஊராகிய வீராம்பட்டினத்தில் அம்முறை போதாதாயிற்று. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளம் வங்கக் கடலின் அலை உயரத்தையும் திசையையும் முன்கூட்டியே அறிவித்து வந்தது. வில்லியனூர்த் தொண்டர்கள் அதனை எடுத்துத் தமிழில் சொல்ல, கரையோர ஒலிபெருக்கிகள் அதனை முழங்கின. போர்க்கப்பல்களுக்காகக் கணித்த அலைக் கணக்கு கட்டுமரக்காரருக்குப் பயன்பட்டது விந்தையே! ஒலிபெருக்கியைக் கேட்டுக் கடலுக்குச் செல்லாமல் தங்கியவன் கணினியைத் தொட்டவன் அல்லன். அவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

நல்லவாடு என்னும் மற்றொரு மீனவர் ஊரில் நிகழ்ந்தது இதனினும் பெரிது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் பணிபுரிந்து வந்தார். ஆழிப்பேரலைச் செய்தியை ஆங்கே அறிந்த அவர் உடனே தம் வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை விடுத்தார். மையம் அவ்வேளையில் பூட்டியிருந்தது. ஊரார் கதவை உடைத்து உள்ளே சென்று ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வெளியேறினர். ஏறத்தாழ 150 வீடுகளும் 200 படகுகளும் அழிந்தன. ஓர் உயிரும் மாளவில்லை. அதே நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இதனை இணையத்தின் வெற்றி என்று சிலர் எழுதினர். அஃது அவ்வளவு பொருத்தமன்று. அலை உயரம் கூறிவந்த தளம் ஆழிப்பேரலையை முன்னறிவிப்பதற்கென அமைந்ததன்று. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பே இல்லை. ஐதராபாத்தில் இந்திய எச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது 2007-ஆம் ஆண்டில்தான். நல்லவாட்டைக் காத்தவை கடல் கடந்து பிழைக்கச் சென்ற ஒருவரின் பற்றும், ஒரு தொலைபேசியும், ஓர் ஒலிபெருக்கியுமே. எனினும், அவ்வொலிபெருக்கி எங்குள்ளது என்று ஊரார் அறிந்திருந்தனர். அதில் ஒலிக்கும் சொல்லை நம்பிப் பழகியிருந்தனர். பூட்டை உடைக்கும் உரிமை தமக்குண்டு என்றும் கருதினர். பிறருடைய அலுவலகமாக அதனை எண்ணியிருப்பின் கதவருகே தயங்கி நின்றிருப்பர் அல்லவா? அந்த உரிமையுணர்வை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது?

பின்னாளில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் வங்காளதேசம், பிரேசில், சிலி, கானா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில் பொதுக்கணினி நிலையங்களை விரிவாக ஆராய்ந்தனர். பலருக்கு இணையத்தை அடைய அந்நிலையமே ஒரே வாயிலாக இருந்ததென்றும், வீண்பொழுது என இகழப்பட்ட விளையாட்டின் வழியாகவும் கணினித் திறன் வளர்ந்ததென்றும் அவர்கள் கண்டனர். பயனாளரை வினவிப் பெற்ற இம்முடிவுகள் மதிக்கத்தக்கனவே. ஆயினும் நல்லவாட்டில் பயனடைந்தோருள் பலர் பயனாளர் என்னும் சொல்லுக்குள் அடங்கார்.

இன்று மீனவர் பலரிடம் கைப்பேசி உண்டு. சுவாமிநாதன் நிறுவனமே கைப்பேசி வழியாக அலை, காற்று, மீன் விலை ஆகியவற்றை அறிவிக்கும் முறையைப் பின்னர் உருவாக்கியது. படகில் இருப்பவனுக்குக் கடல் நடுவிலும் செய்தி கிடைப்பது பெரும் முன்னேற்றம். ஆனால், கைப்பேசிச் செய்தி அதனை உடையவனையே அடைகிறது. கரையில் வலை உலர்த்தும் கிழவிக்கும், மணலில் ஆடும் சிறுவனுக்கும் கேளாமலே கேட்டது ஒலிபெருக்கிதான்.