கோல் கற்பித்த கை

போர்க்கலை பயிலத் தொடங்குவோனுக்கு முதலில் வெறுங்கைப் பயிற்சியையும், அதில் தேர்ந்த பின்னரே கருவியையும் அளிப்பது பல நாடுகளின் வழக்கம். பிலிப்பைன் தீவுகளில் இம்முறை தலைகீழாக அமைந்துள்ளது. அங்கே மாணவன் முதல் நாளே பிரம்பை ஏந்துகின்றான். வெறுங்கைப் பயிற்சி அதன் பின்னரே வருகின்றது.

1521-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள், மாக்டான் தீவின் தலைவனான லாப்புலாப்புவின் வீரர்கள் மகெல்லனை வீழ்த்தினர். மூங்கில் ஈட்டி கையில் பாய்ந்தமையால் மகெல்லன் தம் வாளைப் பாதியளவே உருவ முடிந்தது என்று உடனிருந்த பிகபெட்டா எழுதி வைத்தார். அப்போரையே இக்கலையின் பிறப்பாகக் கொள்வது மிகையாகும். ஆயினும், கருவி ஏந்திய கையை முதலில் செயலறச் செய்க என்பது இன்றளவும் இக்கலையின் தலையாய விதி. பாம்பின் பல்லைப் பிடுங்குதல் என ஆசான்கள் இதனைக் குறிப்பர்.

1565 முதல் 1898 வரை நீடித்த ஸ்பானிய ஆட்சி இக்கலையின் பெயர்களிலே பதிந்துள்ளது. ஆர்னிஸ் என்பது கவசத்தையும், எஸ்கிரிமா என்பது வாட்போரையும் குறிக்கும் ஸ்பானியச் சொற்களின் திரிபுகள். வெறுங்கைப் போருக்கோ செபு மக்கள் தம் சொல்லையே காத்தனர். அவர்கள் மொழியில் கைக்குக் காமொட் என்று பெயர். அதனின்று தோன்றியது பங்காமொட்.

சினாவலி என்னும் பயிற்சியைக் காண்போம். சாவலி என்பது வீட்டுச் சுவருக்காக முடையும் மூங்கில் தட்டி. அம்முடைச்சலைப் போலவே இரு கோல்களும் மாறி மாறிக் குறுக்கிட்டுச் சுழல்கின்றன. பின்னர்க் கோல்களைக் கீழே வைத்துவிட்டு, அதே வழியில் உள்ளங்கையையும் முட்டியையும் செலுத்துகின்றனர். ஒரு கை எதிரியின் அடியை விலக்க, மறு கை அவன் கரத்தை அடக்க, விலக்கிய கையே மீண்டும் தாக்குகின்றது. கோலின் அசைவு கையின் அசைவாக மாறும் இதனை ஆசிரியர்கள் மொழிபெயர்ப்பு என்றே வழங்குகின்றனர். மொழிபெயர்ப்பில் சொல் மாறினும் பொருள் மாறாதது போல, இங்கே கருவி மாறினும் அடியின் கோணம் மாறுவதில்லை.

பழைய பயிற்சியில் பிரம்படி எதிராளியின் கையின்மீதே விழும். விரல் நொந்த மாணவர் பலர் கலையையே கைவிட்டனர். நீக்ரோஸ் தீவில் 1936-இல் பிறந்த ரெமி பிரேசாஸ், கைக்குப் பதிலாக எதிராளியின் பிரம்பையே அடிக்கச் செய்து, நவீன ஆர்னிஸ் என்னும் முறையை வகுத்தார். 2001-இல் அவர் மறைவதற்குள் அம்முறை பல நாடுகளில் பரவிவிட்டது.

2009-இல் பிலிப்பைன்ஸ் அரசு ஆர்னிஸைத் தேசியப் போர்க்கலையாகவும் விளையாட்டாகவும் சட்டமியற்றி அறிவித்தது. இது பெருமைக்குரியதே. எனினும் போட்டிக் களத்தில் வெற்றியைத் தருவது கோலடியே. வெறுங்கைக் கலையோ ஆசானின் கை மாணவனின் கையைத் தொட்டுத் திருத்துவதால் மட்டுமே நிலைபெறுவது. புள்ளிகளை எண்ணும் ஆர்வத்தில் அப்பொறுமை குன்றுமாயின், கோல் எஞ்சும். அது கற்பித்த கை எஞ்சாது.