ஆபரேஷனுக்கு முன் ஏன் திரும்பத் திரும்ப பெயர் கேட்கிறார்கள்? 19 கேள்விகளுக்குப் பின்னால் இருக்கும் கதை

"உங்க பேரு என்னம்மா? என்ன ஆபரேஷன்? எந்தப் பக்கம்?"

ஆபரேஷனுக்கு அட்மிட் ஆனவர்களுக்கு இந்தக் கேள்விகள் பழக்கமானவை. வார்டில் நர்ஸ் கேட்பார். தியேட்டர் வாசலில் இன்னொருவர் கேட்பார். உள்ளே போனால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிப்பார். "எல்லாம் ஃபைல்லதான் எழுதியிருக்கே, அதைப் பாக்க மாட்டாங்களா?" என்று கூட வந்த சொந்தக்காரர்கள் சலித்துக்கொள்வதும் உண்டு.

ஃபைலைப் பார்க்காமல் கேட்பதில்லை. தெரிந்தேதான் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட 19 அம்ச அறுவை சிகிச்சை பாதுகாப்பு செக்லிஸ்ட்டின் முதல் கேள்வியே இதுதான்.

அந்த 19 கேள்விகள் என்ன?

மூன்று இடத்தில் நின்று கேட்க வேண்டும். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் ஒருமுறை, தோலில் கத்தி வைப்பதற்கு முன் ஒருமுறை, நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறுவதற்கு முன் ஒருமுறை.

முதல் கட்டத்தில் ஆள் சரியா, ஆபரேஷன் செய்யும் இடத்தில் அடையாளம் போட்டாச்சா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா, அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போக வாய்ப்பு இருக்கா என்று பார்ப்பார்கள். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் விரலில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்சிமீட்டர் வேலை செய்கிறதா என்பதும் இதில் வரும். இரண்டாம் கட்டத்தில், தொற்றைத் தடுக்கும் ஆன்டிபயாட்டிக் ஊசி கடைசி ஒரு மணி நேரத்துக்குள் போடப்பட்டதா என்ற கேள்வி முக்கியமானது. கடைசி கட்டத்தில் கருவிகள், ஊசிகள், ரத்தம் ஒற்றும் துணிகள் எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 'வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்துவிட்டார்கள்' என்ற செய்தி வராமல் இருக்கத்தான் இந்த எண்ணிக்கை.

இதெல்லாம் டாக்டர்களுக்குத் தெரியாததா? தெரிந்ததுதான். ஆனால் வித்தியாசமான ஒரு அம்சம் இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது. அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலைமை சர்ஜனும் சொல்ல வேண்டும், நர்ஸும் சொல்ல வேண்டும்.

டெல்லியும் இருந்த பரிசோதனை

2007 அக்டோபர் முதல் 2008 செப்டம்பர் வரை உலகின் 8 நகரங்களில் இந்த செக்லிஸ்ட்டை சோதித்துப் பார்த்தார்கள். டொரண்டோ, லண்டன், சியாட்டில், ஆக்லாந்து, அம்மான், மணிலா, தான்சானியாவின் இஃபாகரா ஆகியவற்றோடு புது டெல்லியும் பட்டியலில் இருந்தது. இந்திய வம்சாவளி அமெரிக்க சர்ஜன் அதுல் கவாண்டே தலைமையிலான குழு செய்த ஆய்வு இது.

2009 ஜனவரியில் வந்த முடிவு மருத்துவ உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. செக்லிஸ்ட்டுக்கு முன் 100-க்கு 1.5 ஆக இருந்த இறப்பு, பின்னர் 0.8 ஆனது. பெரிய பின்விளைவுகள் 11 சதவீதத்தில் இருந்து 7 சதவீதமாகக் குறைந்தன. புது மருந்தோ, கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மெஷினோ இல்லை. ஒரு தாள். அவ்வளவுதான்.

பெயர் சொல்வதால் என்ன ஆகிவிடப் போகிறது?

இதற்குப் பதில் தெரிய, இங்கிலாந்தில் 2005 மார்ச்சில் நடந்த ஒரு சம்பவத்தைப் பார்க்க வேண்டும்.

எலைன் பிராமிலி, வயது 37. இரண்டு குழந்தைகளின் அம்மா. சைனஸ் பிரச்சினைக்காக வழக்கமான ஒரு ஆபரேஷனுக்குப் போனார். மயக்கம் கொடுத்த பிறகு மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் செலுத்த முடியவில்லை. ஆக்சிஜன் அளவு மளமளவென இறங்கியது. அனுபவம் மிக்க மூன்று மூத்த டாக்டர்கள் அங்கே இருந்தார்கள். மூவரும் மறுபடி மறுபடி அதே குழாயைச் செலுத்தவே முயன்றார்கள். நிமிடங்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

இந்த நிலைமையில் கழுத்தில் துளையிட்டு நேரடியாகக் காற்று கொடுப்பதுதான் அடுத்த வழி. அதற்கான கருவிகளை ஒரு நர்ஸ் கொண்டுவந்து, தயாராக இருப்பதாகவும் சொன்னார். யாரும் கவனிக்கவில்லை. இன்னொரு நர்ஸ் ஓடிப்போய் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை ஏற்பாடு செய்தார். மற்றவர்கள் பார்த்த பார்வையில், 'நாம்தான் ஓவரா பதறுகிறோமோ' என்று நினைத்து அதை ரத்து செய்துவிட்டார். 13 நாட்கள் கழித்து எலைன் இறந்தார்.

என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் அந்த அறையிலேயே இருந்தார்கள். அதை அழுத்திச் சொல்லத்தான் அவர்களால் முடியவில்லை.

எலைனின் கணவர் மார்ட்டின் ஒரு விமானி. இந்தக் கதை அவருக்குப் புதிதல்ல. 1977-ல் டெனரிஃப் விமான நிலையத்தில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருக்கிறதோ என்ற சந்தேகம் ஒரு விமானத்தின் பொறியாளருக்கு வந்தது. கேட்டும் விட்டார். கேப்டன் தட்டிவிட்டுப் பறக்கக் கிளம்பினார். அதன்பிறகுதான், கீழே இருப்பவர் தயங்காமல் தடுக்கவும், மேலே இருப்பவர் நின்று கேட்கவும் விமானிகளுக்குத் தனியாகப் பயிற்சி வந்தது. அதையே மருத்துவமனைகளுக்கும் கொண்டுவரச் சொல்லி மார்ட்டின் 2007-ல் ஒரு அமைப்பைத் தொடங்கினார்.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதியில் மகா ரதம் வரும்போது, வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு நடப்பவரின் கண்ணில் படுவது வடத்தின் நுனியில் இருப்பவருக்குத் தெரியாது. அவர் கட்டையைப் போட்டால் தேர் நின்றாக வேண்டும். 'யாரைக் கேட்டு நிறுத்தினே?' என்று அங்கே யாரும் சண்டைக்குப் போவதில்லை.

தியேட்டரில் நர்ஸிடம் அந்தக் கட்டையைக் கொடுப்பதுதான் பெயர் சொல்லும் சடங்கின் நோக்கம். ஒருமுறை வாய் திறந்து பேசியவர், பிரச்சினை வரும்போது மறுபடி பேசத் தயங்க மாட்டார் என்பது இதன் பின்னால் இருக்கும் கணக்கு.

தவறு அதிகம் பதிவான வார்டு நல்ல வார்டா?

கேட்க விசித்திரமாக இருக்கும். 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், நல்ல டீம் உள்ள வார்டுகளில் மருந்து கொடுப்பதில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று நினைத்து ஆய்வில் இறங்கினார். கிடைத்தது தலைகீழ் முடிவு. நல்ல தலைமை இருந்த வார்டுகளில்தான் அதிக தவறுகள் பதிவாகியிருந்தன.

காரணம், அங்கே தவறு நடந்தால் உடனே சொன்னார்கள். மற்ற வார்டுகளில் திட்டு விழும் என்று பயந்து மறைத்தார்கள். 'பூஜ்ஜியம் தவறு' என்று ஒரு மருத்துவமனை பெருமையாகச் சொன்னால், கொஞ்சம் சந்தேகப்படுவதே புத்திசாலித்தனம் என்று சொல்ல வைக்கிறது இந்த ஆய்வு.

அப்போ, தாளில் டிக் அடித்தால் போதுமா?

போதாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் செக்லிஸ்ட்டைக் கொண்டுவந்தார்கள். 2014-ல் வந்த ஆய்வின்படி, இறப்பு 0.71 சதவீதத்தில் இருந்து 0.65 ஆனது. புள்ளிவிவரப்படி அது ஒரு மாற்றமே இல்லை. 8 நகர ஆய்வில் டீம்களுக்குப் பயிற்சி கொடுத்து, கூடவே இருந்து பார்த்தார்கள். எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை. தாள் மட்டும் போய்ச் சேர்ந்தால், கடைசியில் ஒருவர் உட்கார்ந்து வரிசையாக டிக் அடித்துவிடுவார். இது எந்த ஆபீஸிலும் நடக்கும் கதைதானே.

இந்தியாவில் இன்னும் கசப்பான அனுபவம் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் 120 சுகாதார மையங்களில், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை வைத்து, பிரசவத்துக்கான செக்லிஸ்ட் சோதிக்கப்பட்டது. முடிவு 2017-ல் வந்தது. பயிற்சி கொடுத்த இடங்களில் ஊழியர்கள் சரியான முறைகளைக் கூடுதலாகப் பின்பற்றினார்கள். ஆனால் தாய், சேய் இறப்பில் வித்தியாசம் இல்லை. கை கழுவச் சொல்லும் தாளால், ரத்தத்தையோ சிசேரியன் செய்யும் டாக்டரையோ கொண்டுவர முடியாது.

தமிழ்நாட்டில் என்ன நடக்கிறது?

பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அதை அப்படியே விட்டுவிடாமல் தணிக்கை செய்யும் முறை இங்கே பல வருடங்களாக இருக்கிறது. தேசிய வழிகாட்டுதலின்படி, மாவட்ட ஆட்சியர் முன்னிலையிலும் ஆய்வு நடக்கும். இறந்தவரின் குடும்பத்தினரையும் அழைத்துக் கேட்கலாம். வலி வந்தது எப்போது, ஆம்புலன்ஸ் வந்தது எப்போது, எந்த மருத்துவமனை எங்கே அனுப்பியது, ரத்தம் இருந்ததா என்று மணிக்கணக்காகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஜவ்வாது மலையில் இருந்து ஒரு கர்ப்பிணியை கீழே கொண்டுவர வேண்டிய திருவண்ணாமலை போன்ற மாவட்டத்தில், தாமதம் தியேட்டருக்கு வெளியிலேயே ஆரம்பித்துவிடலாம்.

யார் மீதும் பழி போடக்கூடாது என்பது இந்த ஆய்வின் அடிப்படை விதி. எழுத்தில் இருக்கும் விதி இது. சட்டம் வேறு பக்கம் நிற்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106-ன்படி, சிகிச்சையில் அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் டாக்டருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. தவறை ஒப்புக்கொண்டால் கற்றுக்கொள்ளலாம், வழக்கும் வரலாம். குடும்பத்துக்கு நியாயம் வேண்டும் என்பதும் மறுக்க முடியாதது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்று இன்னும் எந்த நாடும் முழுசாகத் தீர்க்கவில்லை.

நோயாளி என்ன செய்யலாம்?

அடையாளம் போடும்போது முழித்திருந்தால், சரியான பக்கம்தானா என்று நீங்களும் பாருங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்து, தினமும் போடும் சுகர், பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகள், முன்பு மயக்க மருந்தில் வந்த சிக்கல் எல்லாவற்றையும், வார்டில் சொல்லியிருந்தாலும் தியேட்டரில் மறுபடி சொல்லுங்கள். நாலாவது முறையாகப் பெயர் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டாமல், முழுப் பெயரை உங்கள் வாயால் சொல்லுங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே வார்டில் இருப்பது நம்ம ஊரில் சகஜம்.