இரண்டாம் உலகப் போரில் போர்ட் பிளேர் படைத்தளம்

அந்தமான் தீவுகளிலுள்ள போர்ட் பிளேர் நகரம் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 1942 மார்ச் 23 முதல் 1945 அக்டோபர் வரை ஜப்பானியப் படைத்தளமாக இருந்தது. ரங்கூனுக்கும் மலாக்கா நீரிணைக்கும் செல்லும் கடல்வழிகளை இங்கிருந்து கண்காணிக்க முடிந்ததால், போரிட்ட இரு தரப்புக்கும் இத்துறைமுகம் தேவைப்பட்டது.

1942 மார்ச் 8 அன்று ரங்கூன் வீழ்ந்தது. அந்தமானைக் காக்க வழியில்லை என்று கருதிய பிரிட்டிஷார், அங்கிருந்த கூர்க்காப் படையைக் கப்பலேற்றி அழைத்துக்கொண்டனர். குடிமக்களில் பெரும்பாலோர் தீவிலேயே விடப்பட்டனர். ஜப்பானியர் எதிர்ப்பின்றித் தரையிறங்கினர். வீடுகளுக்குள் நுழைந்த சிப்பாய்களை நோக்கி ஏர்கன்னால் சுட்ட ஜுல்பிகர் அலி என்னும் இளைஞர், சில நாள்களுக்குள் அபர்தீன் பகுதியில் ஊரார் முன்னிலையில் கொல்லப்பட்டார்.

துறைமுகத்தில் ஜப்பானியரின் கடல்விமானங்கள் நிறுத்தப்பட்டன. ஏப்ரலிலேயே பிரிட்டிஷ் விமானங்கள் அவற்றைத் தாக்கின. தீவை மீட்கும் ‘பக்கனீர்’ திட்டம் 1943 நவம்பரில் கெய்ரோ மாநாட்டில் பேசப்பட்டது. ஆனால் தரையிறங்கு கப்பல்கள் ஐரோப்பியப் போர்முனைக்குத் தேவைப்பட்டதால் டிசம்பரில் கைவிடப்பட்டது. தீவுமக்களின் துயரம் மேலும் இரண்டாண்டுகள் நீள இதுவும் ஒரு காரணம்.

இத்தளத்தில் பெரும் தரைப்போர் எதுவும் நடக்கவில்லை. தளத்தின் சுமை முழுவதையும் தாங்கியவர்கள் அங்கே குடியிருந்தவர்களே. போர்ட் பிளேரில் முன்பு போலீஸ் அதிகாரியாக இருந்த மேஜர் மெக்கார்த்தி, 1943 ஜனவரியில் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து இரகசியமாகக் கரையிறங்கி உளவுத் தகவல் திரட்டினார். உண்மையான உளவாளிகள் பிடிபடவில்லை; ஜப்பானியச் சரக்குக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டபோதெல்லாம் உளவுப் பழி உள்ளூர்வாசிகள் மீது விழுந்தது. இந்திய சுதந்திர லீக்கின் உள்ளூர்த் தலைவரும் பஞ்சாபிக் கவிஞருமான மருத்துவர் திவான் சிங், செல்லுலார் சிறையில் சித்திரவதைப்பட்டு 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் உளவுக் குற்றச்சாட்டில் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இவ்விரு கொடுமைகளுக்கும் சில வாரங்கள் முன்புதான், 1943 டிசம்பர் 30 அன்று, சுபாஷ் சந்திர போஸ் ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடி ஏற்றியிருந்தார். சிறைக்குள் நடந்தது அவருக்குத் தெரியாதபடி ஜப்பானியர் பார்த்துக்கொண்டனர். போஸின் ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் பொறுப்பேற்க வந்த தமிழரான மருத்துவர் ஏ. டி. லோகநாதனிடம் காவல்துறை ஒப்படைக்கப்படவில்லை. கல்வித்துறை மட்டுமே கிடைத்தது. பெயரளவில் தலைவராக இருந்த அவரால் கைதுகளைத் தடுக்க முடியவில்லை.

நேசநாடுகளின் கடல் முற்றுகையால் அரிசி வரத்து நின்றது. 1945 ஆகஸ்டில், உணவுக்குச் சுமையெனக் கருதப்பட்ட பல நூறு பேர் புதுக் குடியேற்றம் என்ற பெயரில் ஹாவ்லாக் தீவுக்கு அருகே கொண்டுசெல்லப்பட்டு, கடலில் இறக்கிவிடப்பட்டனர். பிழைத்தவர் மிகச் சிலர். போர் முடிவதற்குச் சில நாள்களே இருந்த வேளை அது. அக்டோபரில் 116-ஆம் இந்தியக் காலாட்படைப் பிரிகேடின் தளபதி சாலமன்ஸிடம், அதே ஜிம்கானா மைதானத்தில் ஜப்பானியர் சரணடைந்தனர்.

ஜப்பானியர் காலத்தில் உள்ளூர் மக்களின் கட்டாய உழைப்பால் அமைந்த லாம்பா லைன் ஓடுதளம், பின்னர் விரிவாக்கப்பட்டு இன்று பயணிகள் விமானங்களுக்கும் கடற்படையின் உத்குரோஷ் தளத்துக்கும் பொதுவாகப் பயன்படுகிறது. நாட்டின் முதல் முப்படைக் கூட்டுக் கட்டளையகம் 2001-இல் போர்ட் பிளேரில் நிறுவப்பட்டது.