மென்பொருளும் மேற்கோள் மரபும்

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவோர் தாம் பயன்படுத்திய நூல்களையும் அவற்றின் ஆசிரியர்களையும் குறிப்பிடுதல் கற்றோர் போற்றும் மரபாகும். பிறர் உழைப்பினை ஏற்றுக்கொள்ளலும், முடிபுகளைச் சரிபார்ப்பதற்கு வழிகாட்டலும் அம்மரபின் இரு பயன்களாம். கணினி ஆராய்ச்சிக் கருவியாகிய பின்னர், இம்மரபு மென்பொருளுக்கும் உரியதோ என்னும் வினா எழுந்தது. அவ்வினா விடைபெற்ற வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் றொஸ் இஹாக்கா, றொபேட் ஜென்டில்மன் என்னும் இருவர் புள்ளிவிபரவியலுக்கென 'ஆர்' என்னும் கணினிமொழியை ஆக்கினர். 1995இல் அதன் மூலநிரல், எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் தக்க கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளிவந்தது. மறு ஆண்டில் அவர்கள் அதனை விளக்கிக் கட்டுரையொன்று வெளியிட்டனர். நிரலை நேரே சுட்ட வழக்கமின்மையால், அதற்கு ஈடாகக் கட்டுரையைச் சுட்டும் வழக்கம் பரவிற்று. தன்னை மேற்கோள் காட்டவேண்டிய முறையைத் தானே தெரிவிக்கும் கட்டளையும் பின்னர் அம்மொழியில் இடம்பெற்றது.

இவ்வழக்கத்தின் பயனையும் குறையையும் ஜோன் ஹன்ரரின் பணி நன்கு காட்டும். நரம்பியல் ஆய்வாளரான அவர், வலிப்பு நோயாளரின் மூளை மின்பதிவுகளை ஆராயும் தேவை கருதி, வரைபடம் வரையும் 'மற்பிளொட்லிப்' என்னும் மென்பொருளை ஆக்கி 2003இல் வெளியிட்டார். அதனைப் பற்றி 2007இல் அவர் எழுதிய கட்டுரை எண்ணிறந்த ஆய்வுகளில் சுட்டப்பெறுகின்றது. 2012இல் அவர் காலமானார். நிரலைப் பலர் தொடர்ந்து வளர்த்து வருகின்றனர்; எனினும் கட்டுரையின் முகப்பில் அவர்தம் பெயர்கள் இல்லை.

குறிப்பிடாமையால் விளையும் கேடு சிறிதன்று. பல்கலைக்கழகங்களிலே நியமனமும் பதவியுயர்வும் பெரும்பாலும் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் கொண்டே அளவிடப்படுகின்றன. ஆகவே, பலர்க்கும் பயன்பட்ட நிரலை எழுதியவன் யாதும் செய்யாதவனாகத் தோன்றுகின்றான். உயிரியற் கட்டுரைகள் தொண்ணூற்றை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வொன்று, மென்பொருளைக் கூறிய இடங்களுள் 31 முதல் 43 சதவீதமானவையே முறையான மேற்கோளுடன் இருந்தன எனக் கண்டது.

பதிப்பைக் குறியாமையும் தவறாம். 2019இல் வெளிவந்த 'ஆர்' 3.6.0 பதிப்பில் எழுமாற்றாக மாதிரி எடுக்கும் முறை மாற்றப்பட்டது. அதனால், ஒரே கட்டளையும் ஒரே தொடக்க எண்ணும் பழைய பதிப்பில் ஒரு மாதிரியையும் புதிய பதிப்பில் வேறொன்றையும் தரக்கூடும்.

இக்குறைகளை நீக்கும் முயற்சிகள் படிப்படியாக எழுந்தன. 2013இல் சேர்ண் ஆய்வுநிலையத்தில் தொடங்கிய 'செனோடோ' களஞ்சியம், நிரலின் ஒவ்வொரு பதிப்பையும் நிலையான அடையாள இலக்கத்துடன் பேண வழிசெய்தது. 2016இல் மென்பொருள் மேற்கோளுக்கான ஆறு கொள்கைகள் வகுக்கப்பட்டன. மென்பொருளும் கட்டுரையை ஒப்ப மதிக்கத்தக்க ஆய்வுப்பேறு என்பது அவற்றுள் முதன்மையானது. 2021இல் 'கிற்ஹப்' தளம், ஆசிரியர் விரும்பும் மேற்கோள் விபரத்தை நிரலுடனேயே வைக்கும் கோப்பினை ஏற்று, வாசகர்க்குக் காட்டலாயிற்று.

விலையின்றிக் கிடைப்பது உழைப்பின்றி வந்ததன்று. ஆதலின், ஆய்வுத்துறை புகும் மாணவர் தாம் பயன்படுத்தும் மென்பொருளின் பெயர், ஆக்கியோர், பதிப்பு, ஆண்டு, அடையாள இலக்கம் ஆகியவற்றை நூல்களோடு ஒருங்கு வைத்துக் குறித்தல் வேண்டும். அது நன்றிக்கடன் மட்டுமன்று. தம் முடிபினைப் பிறர் சோதித்தற்கு அவர்கள் திறந்துவைக்கும் வாயிலுமாகும்.