விந்தியப் பாறையும் ரஃபத் அஸ்மியும்

எங்கள் மண்ணூரை அடுத்துள்ள ஸ்ரீபெரும்புதூரின் பெயரை நிலவியலார் ஒரு பாறைத் தொகுதிக்கே சூட்டியுள்ளனர். இன்று தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கும் இவ்வட்டாரத்துக் களிப்பாறைகளில் கிரெட்டேசியஸ் காலத்துச் செடிகளின் இலைத்தடங்கள் பதிந்துள்ளன. அவற்றைக் காண்போர் எவரும் இது இலைதானா என ஐயுறுவதில்லை. ஆனால் பழைமை நூறு கோடி ஆண்டுகளைக் கடக்கும்போது நுண்ணோக்கிக்கு மட்டுமே புலப்படும் இழைகளும் குமிழ்களுமே எஞ்சுகின்றன. ஐயம் அங்குதான் தொடங்குகிறது.

அவ்வையத்தின் நடுவில் நின்று உழைத்தவர், டேராடூன் வாடியா இமயமலை நிலவியல் நிறுவனத்தின் தொல்லுயிரியலாளர் ரஃபத் ஜமால் அஸ்மி. 1980களின் தொடக்கத்தில் முசோரிப் பகுதியின் தால் பாஸ்பேட் பாறையில் அவர் காட்டிய நுண்புதைபடிவங்கள், அப்பாறை கேம்பிரியன் காலத் தொடக்கத்தைச் சேர்ந்தது என நிறுவ உதவின. முன்னர் அதனை மிகவும் இளைய பாறையாகக் கருதியோர் பலர்.

1998இல் இந்திய நிலவியல் கழகத்தின் ஆய்விதழில், சோன் பள்ளத்தாக்கின் கீழ் விந்தியப் பாறைகளிலும் கேம்பிரியன் கால நுண்சிப்பிகளைக் கண்டதாக அஸ்மி எழுதினார். அது மெய்யானால் பாறையின் வயது ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளே. அதே ஆண்டில் ஜெர்மானியரான அடால்ஃப் சைலாகரும் கூட்டாளிகளும் அதே விந்தியத்தில் 110 கோடி ஆண்டுப் பழைமையுடைய புழுத்தடங்கள் இருப்பதாக அறிவித்தனர். இரண்டும் ஒருங்கே உண்மையாதல் இயலாது. 2002இல் எரிமலைச் சாம்பலிலுள்ள சிர்க்கான் படிகங்களை அளந்தோர் 160 கோடி ஆண்டு என்றனர். அஸ்மியின் படிவங்களே ஐயத்துக்குள்ளாயின. இமயமலைப் புதைபடிவ மோசடியொன்றை ஆஸ்திரேலியரான ஜான் டேலண்ட் 1989இல் வெளிப்படுத்தியதன் நிழலும் இவ்வையத்தில் படிந்திருந்தது என்றே கருதுகிறேன்.

இத்துறையில் இத்தகைய வழக்கு புதிதன்று. 1864இல் பிரான்சின் ஓர்கேயில் விழுந்த விண்கல்லில் நுண்ணுயிர்ப் படிவங்கள் உள்ளன என 1961இல் கிளாஸும் நாகியும் கூறினர். அவற்றுள் சில பூமியின் மகரந்தத்தூள் எனப் பின்னர் தெரியவந்தது. 1996இல் செவ்வாய் விண்கல்லில் உயிர்ச்சுவடு கண்டதாக நாசா அறிவித்தபோது, சான்று போதாது என்று எச்சரித்தவர் வில்லியம் ஷாப்ஃப். அவரே 1993இல் ஆஸ்திரேலியப் பாறையில் கண்டு வெளியிட்ட மிகப் பழைய நுண்புதைபடிவங்களை 2002இல் மார்ட்டின் பிரேசியர் மறுத்தார்!

ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரின் நேர்மை (அதாலத்) வேறு, அவர் செய்தியைப் பிழையின்றிக் காத்தாரா என்பது (ளப்த்) வேறு என்று மாணவர்க்குச் சொல்லித்தருகிறோம். அஸ்மி வழக்கில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழப்பப்பட்டன. காலத்தைத் தவறாகக் கணித்தவர், பொருளையும் காணாதவராகவே கருதப்பட்டார்.

ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டெஃபான் பெங்ட்சனின் குழு, சித்ரகூடப் பகுதியில் தானே புதிதாக மாதிரிகளைச் சேகரித்தது. படிவங்கள் மெய்யாகவே அங்கிருந்தன. அவை பொதிந்த பாஸ்பேட் பாறையின் ஈயத்தை அளந்தபோது வயது 165 கோடி ஆண்டுகள், கூடக்குறைய 9 கோடி, எனக் கிடைத்தது. 2009இல் வெளியான இம்முடிவு இரு தரப்பினர்க்கும் பாதி வெற்றியே தந்தது. அஸ்மி கண்டவை பொய்யல்ல. அவர் சொன்ன காலமோ நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் பிழையானது. கருமுட்டை போன்று தோன்றிய உருண்டைகள் உயிர்ப்படிவங்களே அல்ல, பாசிப் படலத்துள் சிக்கிய வாயுக்குமிழ்கள் என்றும் அக்குழு கூறிற்று.

2017இல் அதே சித்ரகூடப் படிவங்களை முப்பரிமாண எக்ஸ்கதிர்ப் படங்களால் ஆராய்ந்து, அறைகள் அடுக்கிய இழையுரு ஒன்றைப் பெங்ட்சன் குழு சிவப்புப் பாசி என விளக்கியது. அதுவரை அறியப்பட்ட மூத்த சிவப்புப் பாசிக்கு ஏறத்தாழ 40 கோடி ஆண்டு முந்தியது அது என்பது அன்றைய கணிப்பு. அப்பேரினத்துக்கு ‘ரஃபத்அஸ்மியா’ எனப் பெயரிட்டனர். அது சிவப்புப் பாசிதானா என்பதில் கருத்து வேறுபாடு இன்னும் உண்டு.