ராத்திரியானா 'கால் உளையுது'ன்னு குழந்தை அழுதா என்ன செய்யணும்? வளர்ச்சி வலியும் எளிய பயிற்சிகளும்: முழு விளக்கம்

பகல் முழுக்க ஓடியாடி விளையாடுற குழந்தை, ராத்திரி படுத்த கொஞ்ச நேரத்துல "அம்மா, கால் உளையுது"ன்னு அழும். அமுக்கி விட்டா தூங்கிடும். காலையில எழுந்ததும் எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். விருதுநகர் மாவட்டம் ஆலங்குளம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மட்டுமல்ல, உலகம் முழுக்க பெற்றோர் பார்க்கிற காட்சி இது. மருத்துவர்கள் இதை 'குரோயிங் பெயின்ஸ்', அதாவது வளர்ச்சி வலி என்கிறார்கள்.

பெரும்பாலும் இது பயப்பட வேண்டிய வலி இல்லை. ஆனால், 'வளர்ற பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும்' என்று எல்லாக் கால் வலியையும் விட்டுவிடவும் கூடாது. இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? வீட்டிலேயே என்ன பயிற்சி கொடுக்கலாம்? எப்போது மருத்துவமனைக்குப் போகணும்? பார்க்கலாம்.

வளர்ச்சி வலி என்றால் என்ன?

பெரும்பாலும் 3 முதல் 12 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு வரும் கால் வலி இது. தொடையின் முன்பக்கம், கெண்டைக்கால், முழங்காலின் பின்பக்கம் ஆகிய இடங்களில் வலிக்கும். இரண்டு கால்களிலும் வரும் என்பது இதன் முக்கிய அடையாளம்.

சாயங்காலமோ இரவோதான் வலி வரும். சில நிமிடங்களில் இருந்து சில மணி நேரம் வரை நீடிக்கலாம். தினமும் வராது. ஒரு வாரம் தொடர்ந்து வந்துவிட்டு, அப்புறம் மாதக்கணக்கில் காணாமலும் போகலாம். காலையில் வலி சுத்தமாக இருக்காது. நடை மாறாது, வீக்கம் இருக்காது, காய்ச்சல் இருக்காது.

எத்தனை பேருக்கு வருது? ஆஸ்திரேலியாவில் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2004-ல் வெளியான ஆய்வில், சுமார் 37 சதவீதம் பேருக்கு இந்த வலி இருந்தது தெரியவந்தது. அதாவது மூன்றில் ஒரு குழந்தைக்கும் மேல்.

நிஜமாவே வளர்றதாலதான் வலிக்குதா?

இல்லை என்பதுதான் இன்றைய பதில். 1823-ல் பிரான்ஸ் மருத்துவர் ஒருவர் எழுதிய நூலில் இருந்து இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது. பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் காரணம் நிரூபிக்கப்படவில்லை.

யோசித்துப் பாருங்க. குழந்தை வேகமாக வளர்வது முதல் ஓரிரு ஆண்டுகளிலும் பருவ வயதிலும்தான். இந்த வலி வருவதோ, வளர்ச்சி நிதானமாக இருக்கும் இடைப்பட்ட வயதில். 2022-ல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 145 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, 90 சதவீதத்துக்கும் அதிகமான ஆய்வுகளில் வளர்ச்சியைப் பற்றிய பேச்சே இல்லை.

அப்புறம் ஏன் வலிக்குது? பகலில் அதிகம் ஓடிக் குதித்ததால் தசைகள் களைத்துப் போவது, மூட்டுகள் அதிகமாக வளையும் உடல்வாகு, குடும்பத்தில் மற்றவர்களுக்கும் இதே வலி இருந்தது எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. சில குழந்தைகளுக்கு வைட்டமின் டி குறைவாக இருந்ததையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. எந்த ஒன்றும் உறுதியான ஒரே காரணம் அல்ல.

இது குழந்தை நடிப்பதும் அல்ல. வலி உண்மை. 'ஸ்கூலுக்கு மட்டம் போடப் பார்க்குறியா?' என்று அதட்டுவதால் பயன் இல்லை. வலி வருவது ராத்திரி, மறுநாள் பள்ளி நேரத்தில் வலியே இருக்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிசியோதெரபி பயிற்சி உதவுமா?

உதவலாம். கனடாவில் 1988-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 36 குழந்தைகள் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்குப் பெற்றோரே தினமும் காலை, மாலை கால் தசைகளை இழுத்து நீட்டும் பயிற்சியைக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு ஆறுதலும் விளக்கமும் மட்டும். 18 மாதங்கள் கவனித்ததில், பயிற்சி செய்த குழந்தைகளுக்கு வலி சீக்கிரமே குறைந்தது. சிறிய ஆய்வு என்பதால் இதை இறுதித் தீர்ப்பாக எடுக்க முடியாது. ஆனால் செலவில்லை, மெதுவாகச் செய்தால் பாதிப்பும் இல்லை என்பதால் இன்றும் இது பரிந்துரைக்கப்படுகிறது.

வீட்டில் செய்யக்கூடிய 3 பயிற்சிகள்

வலி வந்த நேரத்தில் இல்லாமல், விளையாடி முடித்த பிறகோ, தூங்கப் போகும் முன்போ தினமும் செய்ய வையுங்கள். ஒவ்வொன்றையும் 15 முதல் 20 விநாடி வரை பிடித்து, ஒரு காலுக்கு 3 முறை செய்தால் போதும். மொத்தம் 10 நிமிடம்கூட ஆகாது.

1. கெண்டைக்கால்: குழந்தை சுவரைப் பார்த்து நின்று, இரு கைகளையும் சுவரில் ஊன்றணும். ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை லேசாக மடக்கணும். பின்னால் இருக்கும் கால் நேராக, குதிகால் தரையை விட்டு எழாமல் இருக்கணும். சுவரைத் தள்ளுவது போல் முன்னால் சாயும்போது, பின்காலின் கெண்டைச் சதை இழுபடும்.

2. தொடையின் பின்பக்கம்: பாயில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஒரு கால் தரையில் நீட்டியே இருக்கட்டும். இன்னொரு காலை முழங்கால் மடங்காமல் மெதுவாக மேலே தூக்குங்கள். லேசாக இழுக்குதுன்னு குழந்தை சொன்னதும் அங்கேயே நிறுத்திப் பிடிங்க.

3. தொடையின் முன்பக்கம்: குப்புறப் படுக்க வைத்து, ஒரு முழங்காலை மடக்கி, குதிகாலைப் பின்புறத்தை நோக்கி மெதுவாகக் கொண்டு வாங்க. இடுப்பு தரையை விட்டு எழும்பக் கூடாது.

'இழுக்குது' என்றால் சரி. 'வலிக்குது' என்றால் உடனே விட்டுவிடணும். வெடுக்கென்று இழுப்பது, துள்ளித் துள்ளி நீட்டுவது கூடாது. குழந்தையோடு நீங்களும் சேர்ந்து செய்தால் அதுவே விளையாட்டாகிவிடும்.

ராத்திரி வலி வந்தால் உடனே என்ன செய்யலாம்?

உள்ளங்கையால் காலை மெதுவாக நீவி விடுங்கள். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ இதமாகத் தேய்க்கலாம். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுக்கலாம். சூட்டை முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள், குழந்தையின் தோல் மெல்லியது.

அப்படியும் அழுகை நிற்கவில்லை என்றால், குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். அந்த அளவை மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்யாதீங்க

பெரியவங்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. குழந்தைகளுக்கு அது கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரெய்ஸ் சிண்ட்ரோம் என்ற அரிய பாதிப்பைக் கொண்டுவரக்கூடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலி ஊசி, வலி மாத்திரை வாங்குவது, சுளுக்கு எடுக்கிறேன் என்று காலை முறுக்கி இழுப்பது இரண்டுமே ஆபத்து. வைட்டமின் டி மருந்தையும் பரிசோதிக்காமல் தானாகக் கொடுக்க வேண்டாம், அளவு மீறினால் கெடுதல்.

இந்த அறிகுறிகள் இருந்தால் காத்திருக்க வேண்டாம்

வளர்ச்சி வலியைக் கண்டுபிடிக்கத் தனிப் பரிசோதனை கிடையாது. குழந்தையைப் பரிசோதித்து, வேறு நோய் இல்லை என்று பார்த்துத்தான் மருத்துவர் சொல்வார். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்டணும்.

• ஒரே காலில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வலி
• காலையிலும் வலி தொடர்வது, அல்லது நொண்டி நடப்பது
• மூட்டில் வீக்கம், சிவப்பு, சூடு
• காய்ச்சல், எடை குறைவது, சாப்பிடாமல் சோர்ந்து கிடப்பது
• உடல் வெளுத்துப் போவது, அடிபடாமலே தோலில் கன்றிய திட்டுகள்
• தொட்டாலே கத்துவது, நீவ விடாமல் தடுப்பது
• கீழே விழுந்து அடிபட்ட பிறகு தொடங்கிய வலி

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? எலும்பில் கிருமித் தொற்று, இடுப்பு மூட்டைப் பாதிக்கும் பெர்தீஸ் நோய், குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம், தொண்டை வலியைத் தொடர்ந்து வந்து இதயத்தையும் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சல், அபூர்வமாக ரத்தப் புற்றுநோய் ஆகியவையும் கால் வலியாகவே தலைகாட்டலாம். இவற்றில் பலவற்றுக்குச் சீக்கிரம் சிகிச்சை தொடங்குவதுதான் குழந்தையைக் காப்பாற்றும்.

வளர்ச்சி வலி உள்ள குழந்தை நீவி விடச் சொல்லிக் கேட்கும். நோய் உள்ள கால் என்றால் பெரும்பாலும் தொடவே விடாது. வீட்டில் பார்க்கக்கூடிய எளிய வித்தியாசம் இது.

எங்கே காட்டலாம்?

முதலில் பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம். ஆலங்குளம் வட்டாரத்தினருக்கு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி அரசு மருத்துவமனைகளும், மேல் சிகிச்சைக்கு 2022-ல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் இருக்கின்றன.

2013-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரை இலவசப் பரிசோதனை உண்டு. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வரும். உங்கள் பிள்ளையின் கால் வலியை ஆசிரியரிடம் முன்பே சொல்லி வைத்தால், அந்தக் குழுவிடம் காட்டலாம். சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

போகும் முன் ஒரு வேலை செய்யுங்க. வலி வந்த தேதி, நேரம், எந்தக் கால், எந்த இடம், அன்றைக்கு என்ன விளையாடியது, காலையில் எப்படி இருந்தது என்று இரண்டு வாரம் நோட்டில் குறித்து எடுத்துப் போங்க. நொண்டி நடந்தால் செல்போனில் வீடியோ எடுங்க. ஆனால், மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே போகணும்.

விளையாட்டை நிறுத்தணுமா?

வேண்டாம். வளர்ச்சி வலி எலும்பையோ மூட்டையோ கெடுக்காது, உயரத்தையும் பாதிக்காது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். அதுவரை அவர்களுக்குத் தேவை 10 நிமிடப் பயிற்சி, இதமான கை, கவனமாகப் பார்க்கிற பெற்றோர்.