விதியும் வழக்கும்: ஆங்கில இலக்கணத்தின் தொடக்க நூல்கள்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் மாணவனுக்குப் பெயர், வினை, ஒருமை, பன்மை, காலம், வேற்றுமை என்னும் வரிசையில் பாடம் சொல்லுவது நெடுநாளைய முறை. இவ்வரிசை ஆங்கில மண்ணில் தானே முளைத்ததன்று. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இலக்கணம் என்றாலே இலத்தீன் இலக்கணம்தான். வில்லியம் லிலியின் பெயரால் வழங்கிய நூலே அங்கு அரச ஆணை பெற்ற பாடநூலாயிருந்தது. 1586இல் ஆங்கிலத்திற்கென முதல் இலக்கணத்தை அச்சேற்றிய வில்லியம் புல்லோகரும் அதனையே முன்மாதிரியாகக் கொண்டார். தம் தாய்மொழிக்கும் ஒழுங்கு உண்டென நிறுவுவது அவர் நோக்கம்.

எனினும், தொடக்க நிலை மாணவருக்கு உதவிய நூல்கள் பெருகியது 18ஆம் நூற்றாண்டில்தான். அவற்றுள் சிறந்த இரண்டைத் திருப்பணியாளர் இருவர் அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளியிட்டனர் என்பது நம் கவனத்திற்குரியது.

முதலாமவர் ஜோசப் பிரீஸ்ட்லி. அரசுத் திருச்சபையைச் சேராத போதகராகிய இவர், நாண்ட்விச் என்னும் ஊரில் சபையோடு பள்ளியையும் நடத்திவந்தார். 1761இல் வெளிவந்த இவரது நூல், ஞானோபதேசத்தைப் போல வினாவிடையாக அமைந்தது. மக்களின் பேச்சு வழக்கே மொழிக்கு அளவுகோல் என்பது அவர் கொள்கை. ஆங்கில வினைச்சொல் எதிர்காலத்திற்கென உருமாறுவதில்லை, துணைவினையின் உதவியால்தான் அக்காலத்தைக் காட்டுகிறது. ஆகவே இலத்தீனின் கால அமைப்பை ஆங்கிலத்தின்மேல் சுமத்தலாகாது என்றார். வழக்கு இருவகைப்பட்டால், சிறந்தது காலப்போக்கில் தானே நிலைபெறும் என்றும் நம்பினார்.

இரண்டாமவர் ராபர்ட் லௌத். எபிரெயக் கவிதையின் இணைவரி அமைப்பை விளக்கியவராக நாம் அறிந்திருக்கும் அவரே, பின்னாளில் லண்டன் பேராயரானார். 1762இல் வெளியிட்ட இலக்கணத்தில், விதியைச் சொல்லுவதோடு பிழையையும் எடுத்துக்காட்டினார். புகழ்பெற்ற ஆசிரியர்களோ, 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமமோ அவர் திருத்தத்திற்குத் தப்பவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மத்தேயு 16:13, 15 வசனங்களில், தம்மை யாரென்று சொல்லுகிறார்கள் என ஆண்டவர் வினவுகிறார். அம்மொழிபெயர்ப்பில் இவ்வினாச்சொல் 'ஹூம்' என இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது. அது 'சொல்லுதல்' என்னும் வினைக்குச் செயப்படுபொருளன்று, 'இருத்தல்' என்னும் வினையோடு இயைவது, ஆதலால் 'ஹூ' என எழுவாய் வடிவில் வரவேண்டும் என்றார் லௌத். 1881இல் வெளியான திருத்திய புதிய ஏற்பாடு அவ்வாறே மாற்றியது.

விதி வென்றது. ஆனால் 270 ஆண்டுகள் பிழையான வேற்றுமையோடு அவ்வினாவைக் கேட்ட சபையார் அதன் பொருளை உணரத் தவறினரோ? இல்லை. வழக்கே அளவுகோல் என்ற பிரீஸ்ட்லியின் கூற்றுக்கு இதுவும் ஒரு சான்று. லௌத்தும் பலர் கருதுவதுபோல் கடுமையே உருவானவர் அல்லர். வாக்கிய இறுதியில் முன்னிடைச்சொல் வருவது ஆங்கிலத்தின் இயல்பே என ஒப்புக்கொண்டு, உயர்ந்த நடைக்கு மட்டும் அதை முன்னே வைப்பது அழகு என்றார்.

இவ்விருவரிடமிருந்தும் பிறரிடமிருந்தும் தொகுத்து, 1795இல் லிண்ட்லி மரே தம் இலக்கணத்தை வெளியிட்டார். இவர் அமெரிக்காவிலிருந்து வந்து யார்க் நகரருகே குடியேறிய குவேக்கர். அந்நகரிலிருந்த பெண்கள் பள்ளியின் ஆசிரியைகள் வேண்டியதனால் எழுதினார். மனனம் செய்யவேண்டிய விதிகளைப் பெரிய எழுத்திலும், முதிர்ந்தோருக்குரிய நுட்பங்களைச் சிறிய எழுத்திலும் அச்சிடுவித்தார். 1797இல் சுருக்கப் பதிப்பும் வந்தது. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் தலைமுறைகள் அவரிடம் பயின்றன.

நம்மில் பலர், ஆங்கிலத்தில் ஒரு சொல் பிழைத்ததற்காக வகுப்பில் நகைக்கப்பட்டு, பின்பு வாய் திறக்கவே அஞ்சியவர்கள். நாமே ஆசிரியராகும்போது அதே நகைப்பைப் பிறர்க்கு அளிக்கிறோம். எல்லா விதியையும் பெரிய எழுத்தாகக் கருதுவதே இதற்குக் காரணம். தொடக்க மாணவனுக்கு எது பெரிய எழுத்து, எது சிறிய எழுத்து என வகுத்தறிவது ஆசிரியரின் கடமை. பிரசங்க பீடத்தில் நிற்பவருக்கும் இக்கடமை உண்டென்பதை நாம் மறத்தலாகாது.